மஞ்சள் வடிந்த பின்

ஷாதிபூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுமிக்கு வயது நான்கு. வயிற்றுவலி வந்தது, கண்கள் மஞ்சளாயின, மலம் வெளுத்தது. பாட்டி கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் மஞ்சள் வடிந்தது. சில மாதங்களில் மீண்டும் வந்தது. கல்லீரலுக்கும் சிறுகுடலுக்கும் இடையே பித்தநாளம் பை போல வீங்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது. சென்னைக்குச் சென்று அறுவை செய்துகொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். பயணத்துக்குப் பணம் திரட்டுவதற்குள் மஞ்சள் மறுபடியும் வடிந்துவிட்டது. “நன்றாக ஓடியாடும் பிள்ளையை எதற்கு அறுக்க வேண்டும்?” என்றார் பாட்டி.

அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. இந்நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பித்தநாளமும் கணையநாளமும் முன்சிறுகுடலின் சுவரை எட்டுமுன்பே ஒன்றாகிவிடுகின்றன. அதனால் கணையநீர் மேலேறிப் பித்தநாளத்தை அரிக்கிறது என்னும் விளக்கத்தை 1969இல் பாபிட் முன்வைத்தார். அந்தப் பொது நாளத்தில் புரதக் கசடு அடைத்துக்கொண்டால் மஞ்சள் ஏறும்; கசடு நகர்ந்தால் மஞ்சள் இறங்கும். கீழாநெல்லிக்குக் கிடைத்த பெயர் உண்மையில் தானே விலகிய அடைப்புக்கு உரியது. பை அப்படியே இருக்கிறது.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் ஏறத்தாழப் பாட்டியைப் போலவே எண்ணினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பையை அகற்றாமல் குடலோடு இணைத்துவிடுவதே வழக்கம். அறுவை எளிது, குழந்தையும் விரைவில் தேறியது. ஆனால் ஆண்டுகள் கழித்துச் சிலர் நாளத் தொற்றோடும் கற்களோடும் திரும்பி வந்தனர். விட்டுவைத்த பையிலேயே புற்றுநோய் தோன்றிய நிகழ்வுகளும் பதிவாயின. ஆகவே இன்று பையையும் பித்தப்பையையும் முழுமையாக அகற்றி, கல்லீரலிலிருந்து வரும் நாளத்தைக் குடலோடு நேரடியாக இணைக்கின்றனர். 1995இல் ஃபரெல்லோ குழுவினர் இதை லேப்ராஸ்கோப்பி வழியாகவும் ஒரு சிறுமிக்குச் செய்து காட்டினர்.

பாட்டிக்கு உரிய விடை இங்கேதான் உள்ளது. ஒவ்வொரு அழற்சியும் பையின் பின்சுவரைக் கல்லீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களோடு ஒட்டவைக்கிறது. மிகையாக ஒட்டிவிட்டால் உட்படலத்தை மட்டும் உரித்தெடுத்து, வெளிச்சுவரை விட்டுவைக்க நேரிடும். இது லில்லி வகுத்த முறை. எனவே வலியும் காய்ச்சலும் அடங்கியிருக்கும் காலமே கத்திக்கு ஏற்ற காலம். பிள்ளை நன்றாக இருப்பது அறுவையைத் தவிர்ப்பதற்கான காரணமன்று. அதைச் செய்வதற்கான வாய்ப்பு.

அந்தமானிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரம், கப்பலில் மூன்று நாள். கூலி வேலை செய்யும் தந்தைக்கு அந்தத் தொலைவு இழக்கும் சம்பள நாள்களின் கணக்காகவே தெரியும். அறுவையோடும் பயணம் முடிவதில்லை. இணைப்பு சுருங்கலாம், கல்லீரலுக்குள் கல் உருவாகலாம். புற்றுநோய் அபாயம் பெரிதும் குறைந்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. வளர்ந்த பின்னும் கண்காணிப்புத் தேவை. காய்ச்சலோடு மஞ்சள் வந்தால் காத்திருக்கலாகாது.

பாட்டி இறுதியில் இசைந்தார். கப்பலேறிய நாளில் சிறுமிக்கு வலியும் இல்லை, கண்ணில் மஞ்சளும் இல்லை.