கூப்பரேஜ் மைதானத்தில் ஒரு மாலை

மாகிம் நிலையத்தில் மின்சார வண்டியேறி, சர்ச்கேட்டில் இறங்கி, ஓவல் மைதானத்தையொட்டித் தெற்கே நடந்தால், ராஜாபாய் மணிக்கூண்டைக் கடந்த சிறிது நேரத்தில் கூப்பரேஜ் கால்பந்து மைதானம் வந்துவிடும். தாராவிக்கு இவ்வளவு அருகிலிருந்தும் நம்மவரில் பலர் அதனுள் எட்டிப் பார்த்ததில்லை. ரோவர்ஸ் கோப்பைக்காகப் பெருங்குழுக்கள் மோதிய களம் அது. ஹைதராபாத் போலீஸ் குழு 1950 முதல் 1954 வரை அக்கோப்பையைத் தொடர்ந்து ஐந்துமுறை வென்றது. 2001-ஆம் ஆண்டோடு அப்போட்டி நின்றுபோயிற்று. சிறு பிராயத்தில் தந்தையாரின் தோளிலமர்ந்து அங்கே ஓர் ஆட்டம் பார்த்திருக்கிறேன். பந்தைக் காட்டிலும் வேர்க்கடலைப் பொட்டலமே நினைவில் நிற்கிறது.

அண்மையில் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் பந்தயம் ஒன்றைக் காண அங்கே சென்றேன். எங்கள் சந்தில் வசிக்கும் நெல்லைக் குடும்பத்துப் பிள்ளை ஒரு குழுவில் நடுக்கள ஆட்டக்காரன். தோல் பட்டறையில் உழைக்கும் அவன் தந்தையாரும் முதன்முறையாக உடன் வந்தார். மூன்று பேர் ஒருங்கே நடக்கவியலாத எங்கள் சந்தில் பந்தை ஓங்கி உதைத்தால் சாக்கடைக்குள் போய்விடும். ஆகவே சிறு தட்டாகத் தட்டி, தலைநிமிர்ந்து ஆள்பார்த்துக் கொடுக்கும் பழக்கம் அவனுக்குச் சிறுவயதிலேயே படிந்துவிட்டது.

அமெரிக்கரின் கல்லூரிப் பந்தாட்டத்தை எனக்கு அறிமுகம் செய்தவனும் அவனே. கையால் எறிந்தும் பிடித்தும் ஆடுவதற்குக் கால்பந்தென்று பெயரிட்டவர்களை என்னென்பது! அங்கே ‘குவார்ட்டர்பேக்’ என்றொருவர் நிற்கிறார். பந்து கைக்கு வந்ததும் எதிரிகள் பாய்ந்து வருவார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவதென்று அவர் முடிவு செய்தாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடந்த ‘ஆரஞ்சு பௌல்’ பந்தயத்தின் பதிவைக் கைப்பேசியில் காட்டினான். மிச்சிகன் குழு இருமுறை பதினான்கு புள்ளிகள் பின்தங்கியும், அலபாமாவை 35-34 என்று வென்றது. எறிந்தவர் டாம் பிரேடி. அவ்வாண்டே தொழில்முறைக் குழுக்கள் ஆட்களைத் தேர்ந்தபோது 199-ஆவதாகத்தான் அவரை எடுத்தார்களாம்! பின்னாளில் ஏழுமுறை ‘சூப்பர் பௌல்’ வென்றார்.

அந்நாட்டில் பந்தை அனுப்புகிறவனே நாயகன். நம் வழக்கம் வேறு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கெதிராகச் சைமன் சுந்தரராஜ் போட்ட கோலை இன்றும் பெருமையோடு சொல்கிறோம். அதன்பின் நம் கால்பந்துக் குழு ஒலிம்பிக்கில் நுழையவேயில்லை. அந்தப் பந்தை அவரிடம் சேர்த்தவர் யாரென்று அலுவலகத்தில் பலரைக் கேட்டேன். எவருக்கும் தெரியவில்லை.

கூப்பரேஜிலும் அதுவே நிகழ்ந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் நம் பிள்ளையிடம் பந்து வந்தது. வலப்புறம் நோக்கியவாறே இடப்புறம் இருவருக்கிடையே அதைச் செலுத்தினான். ஓடிவந்தவன் கோலாக்கினான்; கூட்டம் அவனைத் தூக்கிக்கொண்டாடியது. நம் பிள்ளை குனிந்து காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான்.

“தம்பி, இவன் ஒரு கோலும் போடலையே! ரயில்வேயில எப்படி எடுப்பாங்க?” என்றார் தந்தையார்.

அவர் கேள்வியில் வீட்டு வாடகையும் இளைய மகளின் கல்லூரிக் கட்டணமும் அடங்கியிருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்களுக்கு ஆளெடுப்பது உண்மையே. ஆயினும் கல்லூரிக்கு ஆடியது மட்டும் போதாது. மேல்நிலைப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும், தேர்வாட்டமும் உண்டு.

“அண்ணாச்சி, கோல் கணக்கை மட்டும் பார்த்து எடுக்கமாட்டாங்க. முதல்ல பல்கலைக்கழகக் குழுவில் இடம் கிடைக்கணும். இன்னும் ஒரு வருஷம் விட்டுப் பாருங்க” என்றேன். உறுதியாக வேறெதுவும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

திரும்பும் வண்டியில் தாதர் வரும்வரை அவர் பேசவேயில்லை. பிறகு மகனைப் பார்த்து, “ஏலே, அவன் அந்தப் பக்கம் வர்றது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார். பிள்ளை என் கையிலிருந்த வேர்க்கடலைத் தோடுகளை வாங்கி, இருக்கையின்மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி விளக்கத் தொடங்கினான். மாகிம் வந்தபோது முதற்பாதிகூட முடிந்திருக்கவில்லை.