மின்கிதார் கற்கத் தொடங்கும் பிள்ளையும் பெற்றோரும்

 

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் பயில்கிறார்கள். தொழிற்பயிற்சியில் சேர்ந்து உதவித்தொகை கைக்கு வந்ததும் அவர்களுள் சிலர் வாங்க விரும்பும் பொருள்களில் எலக்ட்ரிக் கிதாரும் ஒன்றாகிவிட்டது. இதுபற்றி நம்மிடம் இருவகைக் கேள்விகள் வருகின்றன. ‘இது கூடுமா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். ‘எங்கிருந்து தொடங்குவது?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முதற்கேள்விக்கு மட்டும் விடை சொல்லி நிறுத்திக்கொண்டால், இரண்டாவதைப் பிள்ளை கைப்பேசியிடம் கேட்டுக்கொள்வான். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் மார்க்கச் சட்டம். நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்பிசைக் கருவிகளைக் கூடாதென்றே கூறியுள்ளனர். ஸஹீஹுல் புகாரியில் இசைக்கருவிகள் குறித்து இடம்பெற்றுள்ள அறிவிப்பு அவர்களது முதன்மையான ஆதாரங்களுள் ஒன்றாகும். அந்தலூசியாவின் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அதன் அறிவிப்பாளர் தொடர் அறுபட்டது எனக் கூறி மாறுபட்டார். இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) தொடர் முழுமையானதே என நிறுவினார். நம் காலத்தவரான யூசுஃப் அல்கர்ளாவீ, பாடுபொருள் தூய்மையாக இருத்தல், மது போன்ற பாவங்களோடு சேராதிருத்தல், கடமைகளை மறக்கடிக்காதிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு அனுமதித்தார். மத்ரஸாவில் நாம் கற்பிப்பது பெரும்பான்மைக் கருத்தையே. பேணுதலும் அதில்தான் இருக்கிறது. எனினும் அறிஞர்கள் மாறுபட்ட ஒன்றில் வேறு கருத்தை ஏற்றவனைக் குற்றவாளியாகத் தெருவில் நிறுத்த எவருக்கும் உரிமையில்லை.

இந்தத் தடுமாற்றம் நம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் பிறந்து ‘கேட் ஸ்டீவன்ஸ்’ என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகர் 1977இல் இஸ்லாத்தைத் தழுவி யூசுஃப் இஸ்லாம் ஆனார். 1979இல் தம் கிதார்களை ஏலத்தில் விற்று, கிடைத்த பணத்தை அறப்பணிகளுக்கு அளித்தார். பல்லாண்டுகள் கழித்து, மகன் வீட்டிற்குக் கொண்டுவந்த கிதார் ஒன்றை எடுத்து வாசித்துப் பார்த்தார். 2006இல் மீண்டும் இசைத்தொகுப்பு வெளியிட்டார். விட்டதற்கும் எடுத்ததற்கும் உரிய காரணங்களை அவரே விளக்கியிருக்கிறார். அவருடைய முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். வீட்டுக்குள் ஒரு கிதார் நுழைந்தால் உறவு முறிந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் படிக்கிறார். தந்தை இரும்பு உருட்டாலை ஒன்றில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர். மகன் பழைய கிதார் ஒன்றை வாங்கி வந்த நாளிலிருந்து இருவருக்குமிடையே பேச்சு நின்றுபோயிற்று. ஒருநாள் இஷாவுக்குப் பின் இருவரையும் அமர்த்திப் பேசினோம். “ஹஸ்ரத், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கிறேன். ஆலையில கேட்ட சத்தம் போதாதா? இவன் தொழுகையையும் விட்டுருவானோன்னு பயமா இருக்கு” என்றார் தந்தை. “தொழுகையை விடமாட்டேன் அத்தா. சத்தமும் வராது, காட்டுறேன்” என்றார் மகன். மறுநாள் அவர்கள் வீட்டில் அவர் காட்டியதிலிருந்து நாமும் சிலவற்றை அறிந்துகொண்டோம்.

சாதாரணக் கிதாருக்குக் குடைவான மரப்பெட்டி உண்டு. ஒலியைப் பெருக்குவது அதுவே. மின்கிதாரின் உடலோ பெரும்பாலும் கெட்டி மரம். மின்சாரமின்றி மீட்டினால் அடுத்த அறைக்குக்கூட எட்டாது. அதன் எஃகுக் கம்பிகளுக்கு அடியில், காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பிக்அப் என்று பெயர். கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் தத்துவமே இது. ஒற்றைச் சுருள் பிக்அப், அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்கள் கொண்ட ‘ஹம்பக்கர்’ அந்த இரைச்சலைப் பெருமளவு குறைக்கும். மோட்டார்க் காயில் சுற்றப் பழகும் மாணவர் இதைச் சொன்னபோது தந்தை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொடங்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை இவை. கிதார், சிறிய ஆம்ப்ளிஃபயர், இணைப்புக் கேபிள், மீட்டுவதற்கான பிக் ஆகியவை போதும். ஹெட்போன் செருகும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயரையே வாங்குங்கள். உறங்கும் தந்தைக்கும் சுவருக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டாருக்கும் உங்கள்மீது உரிமை உண்டு. எர்த் இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கில் மட்டும் செருகுங்கள். வட்டியோடு கூடிய தவணையில் வாங்காதீர்கள். கருவியைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டியைப் பற்றி எவரிடமும் இல்லை. கைப்பணம் சேரும்வரை பொறுங்கள், அல்லது விவரம் தெரிந்தவரை உடனழைத்துச் சென்று பழையதை வாங்குங்கள்.

ஆறு கம்பிகளும் தடித்ததிலிருந்து முறையே ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற சுரங்களுக்குக் கூட்டப்படும். இதைச் சரிபார்க்க இலவசச் செயலிகள் உண்டு. சுருதி சேர்க்காமல் ஒருநாளும் பயிற்சியைத் தொடங்காதீர்கள். காது தவறாகப் பழகிவிடும். கழுத்துப் பகுதியில் குறுக்கே பதித்துள்ள உலோகக் கோடுகளை ஃப்ரெட் என்பர். விரலை அக்கோட்டின்மேல் வைக்காமல் அதற்குச் சற்றுப் பின்னே வைத்து அழுத்தினால் குறைந்த வலுவிலேயே ஒலி தெளிவாக வரும். முதற்பாடமாக ஈ மைனர் என்ற சுரக்கூட்டைப் பழகலாம். இரண்டே விரல்கள் போதும். முதற்சில வாரங்களில் விரல்நுனி வலிக்கும், பிறகு காய்த்துவிடும். மின்கிதாரின் கம்பிகள் பொதுவாக மெல்லியவை என்பதால் வலி சற்றுக் குறைவு. மெல்லிய 9ஆம் எண் கம்பித்தொகுதி தொடக்கத்திற்கு ஏற்றது.

இடக்கை நகங்களை ஒட்ட வெட்டாமல் கம்பியை அழுத்த இயலாது. நகம் வெட்டுவதை நாற்பது இரவுகளுக்கு மேல் தள்ளக்கூடாது என்ற வரம்பு ஸஹீஹ் முஸ்லிமில் இருப்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். இன்னொன்றும் கவனத்திற்குரியது. விரலில் காய்த்த தோல் உடலின் பகுதி, உளூவுக்குத் தடையாகாது. ஆனால் வலி தாங்காமல் விரல்நுனியில் பசை தடவிக்கொள்வோர் சிலர் உண்டு. அது நீரைத் தோலில் படவிடாது. உளூவுக்கு முன் நீக்கியாக வேண்டும். வலித்தால் ஓய்வெடுங்கள், பசை வேண்டாம்.

திருக்குர்ஆனை எதனோடும் ஒப்பிடுவதற்கில்லை. ஆயினும் ஹிஃப்ளு வகுப்பின் கற்கும் ஒழுங்கு எக்கலைக்கும் பயன்படும். அங்கே ஒவ்வொரு நாளும் புதிய பாடம் ஒன்று, அண்மைப் பாடங்களின் மீட்டல், பழையவற்றின் மீட்டல் என மூன்றும் நடக்கும். கிதாரிலும் அவ்வாறே இருபது நிமிடங்களை மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒருநாள் மூன்று மணிநேரம் வாசிப்பதைவிட அன்றாடம் இருபது நிமிடங்கள் மேலானவை. மெட்ரோனோம் செயலியை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, பிழையின்றி வந்தபின் வேகத்தைக் கூட்டுங்கள். காணொளிகள் உதவும். எனினும் கை வைக்கும் முறையைத் திருத்த நேரில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

படிப்பைக் கைவிட்டால்தான் கலை வரும் என்று பிள்ளைகள் எண்ணுவதுண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் பயின்றவர். கர்நாடக இசையின் கமகங்களை மின்கிதாரில் கொண்டுவந்து உலக அரங்குகளில் வாசித்தவரும் அவரே. ஐடிஐ சான்றிதழைக் கையில் வாங்குவதற்கு முன் கிதாரை நம்பி எதையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த மாணவரின் வீட்டில் நாம் ‘கூடும்’ என்று தீர்ப்பளிக்கவில்லை. கருத்து வேறுபாட்டை இருவருக்கும் விளக்கினோம். ஐவேளைத் தொழுகை ஜமாஅத்தோடு, அத்தா உறங்கும் வேளையில் ஓசையின்மை, தேர்வுக் காலத்தில் கருவி உறைக்குள் என மூன்று நிபந்தனைகளை மகன் ஏற்றுக்கொண்டார். தந்தைக்கு இன்றும் அது பிடிக்கவில்லை. “பள்ளிக்கு நேரத்துக்கு வரட்டும் ஹஸ்ரத், மத்ததை வீட்டுல பேசிக்கிறோம்” என்றார். பேசிக்கொள்கிறோம் என்ற அச்சொல்லே நமக்குப் போதுமானதாக இருந்தது.

பெற்றோரே! வேண்டாமென்று முடிவெடுத்தால் காரணத்தைச் சொல்லித் தடுங்கள். கருவியை உடைத்துத் தடுக்காதீர்கள். அனுமதித்தால் எல்லையைச் சொல்லி அனுமதியுங்கள். பிள்ளைகளே! பாங்கோசை கேட்டதும் சுவிட்சை அணைக்க உங்கள் கை தயங்குகிறதா என்று நாள்தோறும் பாருங்கள். தயங்கத் தொடங்கினால், எந்த அறிஞரின் கருத்துப்படியும் அது உங்களுக்கு ஆகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளையும் செவிகளையும் நலமானவற்றில் ஈடுபடுத்துவானாக! ஆமீன். அவனே மிக அறிந்தவன்.