துலாக்கோலும் விளம்பரமும்

திறனாய்வு ஒரு துலாக்கோல். அதனைத் தாங்கும் கை யாருடையது என்பதே வினா.

2007 நவம்பரில், 'கேம்ஸ்பாட்' எனும் அமெரிக்க இணைய இதழின் ஆசிரியருள் ஒருவரான ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' என்னும் வீடியோ விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண்ணே வழங்கினார். அவ்வேளை இதழின் பக்கங்களை அவ்விளையாட்டின் விளம்பரங்களே அணிசெய்தன. அம்மாத இறுதியிலேயே அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். விளம்பரம் தந்தோர் நெருக்குதலுக்கு நிர்வாகம் பணிந்ததை, 2012இல் வாய்ப்பூட்டு நீங்கிய பின்னரே அவர் விளக்கினார்.

ஈண்டு ஆய்வாளர் நேர்மையைக் காத்தார், நிறுவனம் காக்கவில்லை. ஆய்வுக்குரிய பொருளை விற்போரே இதழையும் வாழ்விப்பாராயின், நடுவுநிலைமை தனியொருவர் நெஞ்சுரத்தையே நம்பி நிற்கும். ஆதலின் வாசகர், மதிப்பெண்ணை மட்டும் நோக்காது, அதற்குக் காட்டப்படும் காரணங்களையும் இதழின் வருவாய் வழியையும் சேர்த்தே எடைபோடுதல் வேண்டும்.

கெர்ஸ்ட்மன் 2008இல் 'ஜயண்ட் பாம்' என்னும் தளத்தைத் தோழருடன் தொடங்கினார். வேலையைப் பறித்தோரால் அவர் சொல்லின் மதிப்பைப் பறிக்க இயலவில்லை.