பனியின் எடை

எங்கள் நான்கு குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு வண்டி இருக்கிறது. அதை வண்டி என்பதா, படகு என்பதா என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீர்ந்தபாடில்லை. எட்டுச் சக்கரங்கள், கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த தொட்டி போன்ற உடல், கதவு கிடையாது, விளிம்பைத் தாண்டித்தான் ஏறவேண்டும். திருப்புவதற்கு மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற கைப்பிடி. கோடையில் கரையிலிருந்து நேராக ஏரிக்குள் இறக்கினால் மூழ்காமல் மிதக்கும். சுழலும் டயர்களின் வரிப்பள்ளங்களே துடுப்பாகி, மனிதன் நடக்கும் வேகத்தில் அதை மறுகரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நியூ ஹாம்பர்க் என்னும் சிற்றூரில் 1967இல் ஆர்கோ என்ற பெயரோடு பிறந்த வண்டிகளின் வழிவந்தது எங்களுடையது.

அதே மாகாணத்தில், ஹாலிபர்டன் குன்றுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஏரியின் தென்கரையில் எங்கள் வீடுகள். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி எங்கள் வாசல்வரை வந்து திரும்பிவிடும். அதற்கு அப்பால் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை சாலை என்று சொல்ல எதுவுமில்லை. ஆகவே நவம்பர் இறுதியில் எட்டுச் சக்கரங்களின்மீதும் பக்கத்துக்கொன்றாக இரண்டு அகலமான ரப்பர் பட்டைகளை மாட்டுவோம். டாங்கிக்கு இருப்பதைப் போன்றவை. அரைநாள் வேலை. விரல்கள் மரத்துப்போகும்.

இந்தப் பட்டைகளின் பயனை ஒரு கணக்கால் சொல்லிவிடலாம். எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது, முழு எடையும் ஒரு கணம் ஒற்றைக் காலணியில் இறங்குகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ முந்நூறு கிராம். ஆளும் சுமையுமாக எங்கள் வண்டி தொள்ளாயிரம் கிலோவை நெருங்கும். ஆனால் அந்த எடை இரண்டு பட்டைகளிலும் பரவிவிடுவதால், சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கிராம்தான் அழுத்துகிறது. நாங்கள் இறங்கினால் இடுப்புவரை புதையும் இடத்தில் வண்டி ஒரு சாண் ஆழத்தில் நிற்கும். பனியில் அது ஊர்வதும் ஒருவகையில் மிதப்புத்தான்.

*

தமிழில் பனி என்ற ஒரே சொல், புல்நுனித் துளியையும் மார்கழி விடியலின் மூட்டத்தையும் இமயத்தின் வெண்மையையும் சேர்த்துச் சுமக்கிறது. அச்சொல் பிறந்த நிலத்துக்கு அது போதும். இந்த வண்டியை ஓட்டத் தொடங்கியபின் எங்களுக்குப் போதவில்லை. எனவே அடுக்களையிலிருந்து சில பெயர்களைக் கடன் வாங்கிக்கொண்டோம். காற்றில்லாத இரவில் பெய்து, ஊதினால் பறக்கும் பனி மாவு. வெயில் பட்டு இளகி மீண்டும் இறுகி, மேலே ஏடு கட்டியிருப்பது பொருக்கு. தரையின் இளஞ்சூட்டுக்கும் மேற்காற்றின் குளிருக்கும் இடையே வாரக்கணக்கில் கிடந்து, ஒட்டும் குணத்தை இழந்து மணிமணியாக உதிர்வது நொய்.

மாவில் வண்டி இனிமையாகப் போகும். பஞ்சுமெத்தையின்மேல் போவதுபோல் ஓசையே இராது. பொருக்கு ஏமாற்றும். பத்தடி தூரம் பளிங்குபோல் தாங்கிவிட்டுப் பதினோராவது அடியில் உடைந்து ஒரு பக்கத்தை உள்ளே இழுக்கும். நொய்தான் எல்லாவற்றிலும் கொடியது. படியால் அரிசியை அள்ளிக் கொட்டுவதுபோலப் பட்டைகள் அதை அள்ளிப் பின்னால் எறிந்துகொண்டே இருக்கும். வண்டி முன்னே நகராது, கீழே இறங்கும். தொட்டியின் அடிவயிறு பனிமேட்டில் அமர்ந்துவிட்டால் பட்டைகளின்மேல் எடை இராது. அவை வெறுமனே சுழலும். அப்போது விசையைக் கூட்டுகிறவருக்குக் குழிதான் மிஞ்சும். எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி, மண்வெட்டியால் வயிற்றுக்கு அடியிலுள்ள பனியைத் தோண்டவேண்டும். பிறகு வின்ச்சின் கம்பியை ஒரு மரத்தில் கட்டி மெல்ல இழுக்கலாம். மரம் இல்லாத இடத்தில் ஒரு கட்டையைக் குறுக்காகப் புதைத்து, அதையே மரமாக எண்ணிக் கட்டுவோம்.

திருப்புவதும் ஒரு கலை. இந்த வண்டியின் சக்கரங்கள் முகம் திருப்புவதில்லை. ஒரு பக்கத்தை மெதுவாக்கி, மறுபக்கத்தை ஓடவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஆழ்பனியில் சடாரென்று திருப்பினால் மெதுவான பக்கம் கலப்பைபோல் உழுது புதையும். அரை வட்டத்துக்கு ஒரு வயல் அளவு இடம் எடுத்துக்கொள்வது நல்லது. மேட்டில் நிற்கக்கூடாது. இரவில் வெறுந்தரையில் நிறுத்தக்கூடாது. பட்டைகள் நிலத்தோடு உறைந்துவிடும், பலகைகளின்மேல்தான் நிறுத்தவேண்டும். ஓட்டும்போது இழுவைப் பெல்ட்டில் பனி புகாமல் பார்த்துக்கொள்வதும் சேர்ந்துகொண்டால், கூடத்தில் கணப்பருகே அமர்ந்து புத்தகம் படிப்பதே மேல் என்று தோன்றாத நாளில்லை.

*

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் மனிதர்கள் ஏன் இத்தகைய ஊர்திகளைச் செய்துகொண்டே இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தோம். விளையாட்டுக்காக என்றுதான் எண்ணியிருந்தோம். கிடைத்த விடை வேறு.

கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்ற ஊரில் ஜோசப் அர்மான் பம்பார்டியே என்ற இயந்திர வல்லுநர் இருந்தார். 1922இல், பதினைந்து வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினையும் மரச் சுழல்விசிறியையும் சறுக்குவண்டியில் பூட்டி ஓட்டியவர். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. சாலைகளைப் பனி மூடியிருந்தது. பட்டறையில் இருந்த பனியூர்தி எதுவும் ஓடும் நிலையில் இல்லை. குழந்தை மருத்துவமனைக்குப் போய்ச் சேராமலே இறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் பற்சக்கரமும் ரப்பர் பட்டையும் கொண்ட இயக்கமுறையை உருவாக்கி, 1937இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவருடைய பனியூர்திகளை வாங்கியவர்களில் கிராமத்து மருத்துவர்களும் இருந்தார்கள். உலகம் கேளிக்கை ஊர்தியாக அறிந்த ஸ்கீ டூ 1959இல்தான் வந்தது.

இன்னொன்று ரஷ்யாவில். 1965 மார்ச் 18 அன்று விண்வெளியில் முதன்முதலாக நடந்த அலெக்ஸி லியோனவும் அவருடைய தோழர் பாவெல் பெல்யாயெவும் மறுநாள் திரும்பியபோது, தானியங்கிக் கருவி பழுதாகிக் கையால் இயக்க நேர்ந்தது. குறித்த இடத்தைவிட்டு நெடுந்தொலைவில், பெர்ம் பகுதியின் அடர்காட்டில், ஆழ்பனியில் கலம் இறங்கியது. ஹெலிகாப்டர் தலைக்குமேல் வட்டமிட்டும் மரங்களுக்கிடையே இறங்க முடியவில்லை. இரண்டு இரவுகளைக் காட்டில் கழித்துவிட்டு, விண்ணில் நடந்தவர் பனிச்சறுக்குக் கட்டைகளில் வெளியே வந்தார். அதன்பின் மாஸ்கோவின் ஸில் தொழிற்சாலையில் வித்தாலி கிரச்சோவ் என்ற வடிவமைப்பாளரின் குழு, விண்வெளி வீரர்களைத் தேடி மீட்பதற்கென்றே நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்திகளை உருவாக்கியது. அவற்றில் பின்னால் வந்தவற்றுக்கு நீலப்பறவை என்று பெயர். சக்கரமும் தோற்கும் இடத்துக்கு, இரண்டு பெரிய திருகுருளைகளைச் சுழற்றி பனியையும் சேற்றையும் துருவிக்கொண்டு போகும் ஒரு சிறிய ஊர்தியைப் பெரிய ஊர்தி தன் முதுகில் சுமந்து செல்லும்.

போய்ச் சேர முடியாத ஓர் இடத்தில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதே இந்த இரண்டு கதைகளுக்கும் வித்து. எங்கள் வண்டி வார இறுதிகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குன்றுகளில் உருளும்போது இது நினைவுக்கு வருவதில்லை. வரவேண்டிய நாளில் வந்தது.

*

அதைச் சொல்வதற்குமுன் உறைந்த ஏரியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

பனி கூடக்கூட ஏரியின் பனிக்கட்டியும் தடிக்கும் என்று புதிதாய் வருகிறவர்கள் நம்புவார்கள். நடப்பது நேர்மாறு. புதுப்பனி காற்றைச் சிறைபிடித்த கம்பளி. மேலே மைனஸ் முப்பது டிகிரி இருந்தாலும் அந்தக் குளிர் கட்டிக்கு எளிதில் எட்டாது, தடிப்பது நின்றுபோகும். அத்துடன் எடையும் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டர் தடித்த கட்டி, நீர்மட்டத்துக்குமேல் இரண்டரை சென்டிமீட்டர்தான் தலைகாட்டுகிறது. சதுர மீட்டருக்கு இருபத்தைந்து கிலோ சேர்ந்தால் அந்தத் தலையும் அமிழ்ந்துவிடும். கன மீட்டருக்கு நூறு கிலோ எடையுள்ள இளம்பனி, இருபத்தைந்து சென்டிமீட்டர் பெய்தாலே போதும். மயிலிறகையும் அளவறிந்து ஏற்றவேண்டும் என்று எண்ணிய வள்ளுவர் இந்த ஏரியைப் பார்த்திருந்தால் வியந்திருக்கமாட்டார். அமிழ்ந்த கட்டியின் விரிசல்கள் வழியே நீர் மேலே கசிந்து, பனிக்கு அடியில் சேறாகத் தேங்கும். மேலே பார்த்தால் கறையற்ற வெண்மை. உள்ளே முழங்கால் அளவு கூழ். அதில் நின்ற ஊர்தியின் பட்டைகள் சிறிது நேரத்திலேயே கல்லாய் உறையத் தொடங்கும். பிற்பாடு அந்தச் சேறு உறைந்து உண்டாகும் வெள்ளைக் கட்டிக்குத் தெளிந்த கட்டியின் பாதி வலிமைதான்.

மிதக்கும் வண்டிக்கு இதில் என்ன அச்சம் என்று கேட்கலாம். கட்டி உடைந்தால் வண்டி மிதக்கும், உண்மைதான். பட்டைகளின் எடையால் விளிம்பு நீருக்கு நெருங்கியிருக்கும், அவ்வளவே. ஆனால் மீண்டும் மேலே ஏறுவது எப்படி? மூக்கை வைத்து ஏற முயலும் ஒவ்வொரு முறையும் விளிம்பு உடைந்துகொண்டே போகலாம். உடையாத இடமோ, ஏற முடியாத சுவராக நிற்கலாம்.

*

2019 பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் பிற்பகலில் வடகரையிலிருந்து தொலைபேசி வந்தது. அங்கே குளிர்காலத்திலும் தங்கியிருந்தவர்கள் ஒரே ஒரு வயோதிகத் தம்பதி. அம்மையாருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இப்போது மூச்சு வாங்குகிறது என்றார் கணவர். அந்தப் பனிப்பொழிவில் ஹெலிகாப்டர் பறக்காது. ஆம்புலன்ஸ் எங்கள் வாசல்வரை வரும். அவர்களுடைய ஸ்கீ டூ முந்தின நாளே கரையோரப் பனிச்சேற்றில் சிக்கிக் கிடந்தது.

ஏரியைக் குறுக்கே கடந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர். பழைய மரவெட்டிப் பாதையில் சுற்றினால் ஏழு.

அன்று காலைதான் துளையிட்டு அளந்திருந்தோம். கட்டி இருபத்தெட்டு சென்டிமீட்டர். அதில் மேல் பத்து வெள்ளைக் கட்டி. பனி நாற்பது. துளையிட்டதும் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. பனியூர்திக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் தெளிந்த கட்டி வேண்டும் என்பது கனடாவில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெள்ளைக் கட்டியைப் பாதியாகக் கணக்கிட்டால் எங்களிடம் இருந்தது இருபத்துமூன்று. எங்கள் வண்டியோ பனியூர்தியைப்போல் மூன்று மடங்கு எடை. எங்களில் ஒருவர், “அதுதான் மிதக்குமே” என்றார். அவர் அசட்டுத் துணிச்சல்காரர் அல்லர். மூச்சுத் திணறலைத் தம் வீட்டில் பார்த்தவர். இன்னொருவர், “போகும்போது மிதக்கலாம். வரும்போது அந்த அம்மாளைப் படுக்கவைத்துக்கொண்டு மிதக்க முடியுமா?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்று பேர் கிளம்பினோம், காட்டு வழியே.

போக இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. இருமுறை வயிறு தட்டித் தோண்டினோம். ஒரு சரிவில் வின்ச் இல்லாமல் ஏற முடியவில்லை. பெரும்பகுதி ஒருவர் முன்னால் பனிக்காலணியோடு நடந்து, புதைந்த மரங்களைக் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே போகவேண்டியிருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் மரங்களின் இடைவெளியில் ஏரி தெரிந்துகொண்டே வந்தது. அகலமாக, சமமாக, யாரோ விரித்துவைத்த பாதைபோல.

திரும்புவதற்கு ஐம்பது நிமிடமே பிடித்தது. கலைத்து அழுத்தப்பட்ட பனி சிறிது நேரத்தில் துகளோடு துகள் ஒட்டி இறுகிவிடும்; எங்கள் தடமே எங்களுக்குச் சாலையாகியிருந்தது. அம்மையார் பின்தொட்டியில், மூன்று கம்பளிகளுக்கு அடியில், கணவரின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார். ஆம்புலன்ஸ் விளக்குகள் சுழன்றபடி காத்திருந்தன. நிமோனியா என்றார்கள். பதினொரு நாளில் வீடு திரும்பினார். அந்தக் கோடையிலேயே இருவரும் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அவர் பிழைத்ததால் எங்கள் முடிவைச் சரி என்கிறோம். பிழைக்காமல் போயிருந்தால், அதே அளவுகள், அதே கணக்கு, ஆனால் அந்த ஏரி எங்கள் கனவில் வேறு முகத்தோடு வந்திருக்கும். ஏரி அன்று தாங்கியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. “மிதக்குமே” என்றவரும் அதன்பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர்தான் இப்போது ஞாயிறுதோறும் துளையிடுகிறவர். கட்டி எவ்வளவு, அதில் வெள்ளை எவ்வளவு, மேலே பனி எவ்வளவு, துளையில் நீர் ஏறியதா என்று நான்கு பத்திகள் கிழித்த நோட்டில் எழுதி, வண்டிச் சாவி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைக்கிறார். அதைப் படிக்காமல் சாவியை எடுக்க முடியாது.