அளந்து பார்த்தல்

மோட்டார் வண்டியைப்பற்றி நம்மவரிடம் இரண்டு நம்பிக்கைகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. விற்கிறவர் சொல்வதே வண்டியின் சரித்திரம் என்பது ஒன்று. எஞ்சின் பெரிதானால் வண்டி சிறந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் விசாரணையின்றி ஏற்கப்படுபவையாதலால் அவற்றைச் சற்று ஆராய்வோம்.

கிளமெண்டியில் நம்முடன் வசிக்கும் சகோதரியின் மகன், பாலிடெக்னிக்கில் பயின்றவன், சென்ற ஆண்டு பழைய டாட்ஸன் 1200 ஒன்றை வாங்க விரும்பினான். 1970இல் வெளிவந்த வகை அது. 1973இல் வந்து, தோட்டப்புறங்களிலும் நன்கு அறிமுகமான 120ஒய் வண்டிக்கும் அதே ஏ12 எஞ்சின் உண்டு. விற்பவர், “தொழிற்சாலையில் பூட்டிய ஏ12தான்” என்று உறுதி கூறினார். ரப்பர்த் தோட்டத்து லாரிக் கொட்டகையில் தொழில் கற்ற முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு நாம் பட்டறைக்குச் சென்றோம்.

பழுதுபார்ப்பதற்காக எஞ்சினின் ஹெட் முன்னமே கழற்றப்பட்டிருந்தது. முதியவர் முதலில் பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்தார். பதிவுப் பத்திரத்தில் கண்ட எண் வேறு. பின்னர் அளவுகோலை எடுத்தார். ஏ12இன் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம் 70. கன அளவு 1171 ஸீஸீ. ஏ12ஏ என்பதோ தோற்றத்திலும் பெயரிலும் இதை ஒத்தது. விட்டம் மட்டும் 75, கன அளவு 1237. எனவே பெயரை மட்டும் கேட்டுத் தீர்மானிக்க இயலாது. அங்கே அளவுகோல் காட்டியதோ 76. பிஸ்டன் ஓட்டம் 77. அதற்கேற்பப் பிளாக்கும் உயர்ந்திருந்தது. “தம்பி, இது ஏ14” என்றார் முதியவர். 1397 ஸீஸீ!

மருமகன் மகிழ்ந்தான். “சொன்ன விலைக்குப் பெரிய எஞ்சின் கிடைக்கிறதே, மாமா! இதற்கு இரட்டைக் கார்புரேட்டரும் வைத்துவிடலாம்” என்றான்.

மாற்றம் செய்வது குற்றமென்று நாம் கூறவில்லை. ஜப்பானில் அத்தொழிற்சாலையே 1200 ஜிஎக்ஸ் வகையில் ஏ12க்கு இரட்டைக் கார்புரேட்டர் பூட்டி, அமுக்க விகிதத்தையும் உயர்த்தி, 68 குதிரைத்திறனை 83 ஆக்கிற்று. ஆனால் அவர்கள் தாம் மாற்றுவது இன்னதென்று அறிந்து மாற்றினார்கள். சிங்கப்பூரில் எஞ்சினை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பத்திரத்தில் ஒன்றும் வண்டியில் வேறொன்றுமாக ஓட்டி, விபத்து நேர்ந்தால், பதில் சொல்ல வேண்டியவர் யார்? விற்றவரா, பையனா?

நிற்க. முதியவர் அத்துடன் விடவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். முன்சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. “ஓடுகிற சக்தியைக் கூட்டியவன் நிற்கிற சக்தியைக் கூட்டவில்லையே” என்றார். ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள வண்டி, தேய்ந்த டிரம், இருபத்து மூன்று வயதுப் பையன். நமக்கு உடல் நடுங்கிற்று.

பத்திரத்தைத் திருத்தித் தரும்படி கேட்டோம். விற்பவர் மறுத்தார். மருமகன் வெகுநேரம் பேசாதிருந்து, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டான். இப்போது ஞாயிறுதோறும் அம்முதியவரிடம் சென்று ஸ்பானர் பிடிக்கக் கற்கிறான். வண்டி இன்னும் வாங்கவில்லை.

எண்ணெய்க் கறை படிந்த கையைத் தாழ்வென்று கருதும் புத்தி இன்னும் நம்மவரை விட்டுப் போகவில்லை. பட்டயம் பெற்ற பையன் அறியாததை அன்று அந்தக் கைதான் அறிந்திருந்தது. தோழர்களே, பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அத்தகைய ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குரிய கூலியையும் மரியாதையையும் குறையாது கொடுங்கள்.