மூணு கிளிக், ஒரு அப்பா!

மாமல்லபுரம் மகிஷாசுரமர்த்தினி குகை. உள்ளே இருட்டு, வெளியே சுள்ளென்று வெயில். தூணோரம் அப்பாவை நிற்க வைத்தேன். அவர் முகம் தெரிந்தால் வானம் வெளுக்குது; வானம் தெரிந்தால் அப்பா கறுக்கிறார்!

இருக்கவே இருக்கு ஹெச்.டி.ஆர். ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேணும். கேமராவைப் பையின் மேல் உட்கார வைத்தேன். அபர்ச்சரைத் தொடாமல், ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மைனஸ் 2, சைபர், பிளஸ் 2 என மூணு கிளிக்.

"ஆடாதீங்கப்பா!"

"எங்கடா ஆடறேன்?"

ராத்திரி கம்ப்யூட்டரில் மூணையும் சேர்த்தேன். சுவரில் 7-ம் நூற்றாண்டுத் துர்க்கை, வெளியே நீல வானம், அப்பா முகம்... எல்லாம் பளிச்! வலது கை மட்டும் மூணு. அசையறதை ஹெச்.டி.ஆர். மன்னிக்காதே!

கேட்டேன். ஆறு மாசமா நடுக்கமாம். யாரிடமும் சொல்லலையாம்.

நாளைக்கு லீவு போட்டிருக்கேன், டாக்டரிடம் போக.