குறுக்குப் பாதையும் துவிச்சக்கர வண்டியும்

துவிச்சக்கர வண்டி என்றவுடன் நம் நாட்டிலே பலருக்கும் நினைவுக்கு வருவது யாழ்ப்பாணமே. அது சமதரையான மண். 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளுக்குத் தடை நிலவிய காலத்தில் அம்மக்களின் கடைத்தெருவும் பாடசாலையும் வைத்தியசாலையும் இரு சக்கரங்களின் மீதே இயங்கின. மின்சாரமற்ற இரவுகளில் வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட கதையை அங்கிருந்து வந்த நண்பர்கள், தம் பெற்றோர் சொல்லக் கேட்டவாறு, விடுதியில் எனக்கு உரைப்பதுண்டு. எங்கள் மலைக்கு இப்பெருமை கிடையாது. நாங்கள் நடந்து பழகியவர்கள். தோட்டத்திலே சக்கரம் என்பது பெரும்பாலும் அதிகாரத்தின் அடையாளம்: பெரிய துரைக்கு ஜீப், சின்னத்துரைக்கு மோட்டார் சைக்கிள், கொழுந்துக்கு லொறி. கொழுந்தைப் பறித்தவளுக்கோ கால்.

பெரகலச் சந்தியை அறியாதவர்களுக்காகச் சிறிது கூறுகிறேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் ஏ-4 வீதி வெல்லவாயவை நோக்கிச் செல்கையில், அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி-எலவுக்குப் போகும் ஏ-16 வீதி பிரிவது இங்கேதான். தெற்கே மலை சட்டென்று சரிந்து தாழ்நிலத்தில் விழுகிறது. வடக்கே ஏற்றம், ஏறினால் அப்புத்தளை. காற்றுக்கும் மூடுபனிக்கும் அங்கே பஞ்சமில்லை.

2022ஆம் ஆண்டு பெப்ரவரி, மார்ச் மாதங்களில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேற்றை எதிர்பார்த்து வீட்டில் இருந்தேன். வெறுமனே இருக்க இயலாத வீடு எங்களுடையது. அப்புத்தளையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. கிடைத்த சில கிழமைகளுக்குள் எரிபொருள் இல்லாமற் போயிற்று. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என ஜூன் 27ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. பஸ் வந்தால் வந்தது. முச்சக்கர வண்டிக்காரர் கேட்ட தொகையோ என் நாட்கூலியை விழுங்கிவிடும். அப்பொழுதுதான் அப்பா, இளமையில் வெள்ளவத்தைக் கடையொன்றில் வேலை செய்த நாளில் வாங்கிய பழைய லுமாலா வண்டியைக் குசினிச் சுவரிலிருந்து இறக்கினார். பல ஆண்டுகளாக அது விறகு சாய்த்துவைக்கும் பொருளாகவே இருந்தது.

தார் வீதியால் போவதை அம்மா விரும்பவில்லை. வளைவுகளும், பனிக்குள் திடீரென வெளிப்படும் லொறிகளும் அவருக்கு அச்சம். ஆகவே தோட்டத்துக்குள்ளால் போகும் மண்பாதையைத் தேர்ந்தேன். இவ்வண்டிப் பாதைகள் கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டிகளுக்கென வெட்டப்பட்டவை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வர். அது மெய்யாகவே இருக்க வேண்டும். மலையை நேரே எதிர்க்காமல் இடுப்பைச் சுற்றும் கயிறு போல வளைந்து வளைந்து ஏறும் அப்பாதையில், மூச்சு வாங்கினாலும், வண்டியை மிதிக்க முடிந்தது. பாதைகளுக்கிடையே பறிகாரர் இறங்கும் குறுக்குகளில் மட்டும் வண்டியைத் தோளிலே சுமந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவதானால், காலைப் பயணத்தில் பாதிக்கு மேல் நான் வண்டியில் போகவில்லை. வண்டிதான் என்னோடு வந்தது.

பெரட்டுக் கலைந்து பெண்கள் மலைக்குப் போகும் நேரமும் அதுவே. முதல் நாள் நான் மணியடித்ததும் ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்து, "தொரை வர்றாரு, வழி விடுங்கடி" என்றார். மலை முழுதும் சிரித்தது. அதன் பின் நான் மணியடிப்பதில்லை. இறங்கி உருட்டிக்கொண்டே அவர்களைக் கடப்பேன். அச்சிரிப்பில் பரிகாசம் எவ்வளவு, பெருமிதம் எவ்வளவு என்று இன்றும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

மாலைப் பயணம் வேறு வகையானது. முழுவதும் இறக்கம். ஏறுவதற்குக் கால் போதும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும். ஈரமும் மணலும் கலந்த சேறு ரிம்மில் ஒட்டி, பிரேக் கட்டையை அரம் போல் அராவிவிடும். இரண்டு கிழமைக்கு ஒரு சோடி தேய்ந்தது. புதியது வாங்கக் கடையிலும் இல்லை. அப்பா பழைய லொறி டயரைச் சீவிக் கட்டை செய்து பொருத்தினார். அது கிறீச்சிட்ட ஓசையில் அடுத்த மலை நாய்களும் குரைத்தன. பின்னர் நூலகத்திலே வாசித்தறிந்தேன்: 1976இல் கலிபோர்னியாவில், தமல்பைஸ் மலையை அடுத்த பகுதியில், சில இளைஞர் பழைய சைக்கிள்களில் செங்குத்தான மண்பாதையொன்றில் பந்தயம் ஓடினர். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் அவ்வண்டிகளின் பிரேக்கில் கிரீஸ் சூட்டினால் எரிந்து போகுமாம். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயராயிற்று. இன்று உலகமெங்கும் விற்பனையாகும் மலைச் சைக்கிளின் பிறப்பு அவ்விளையாட்டோடு தொடர்புடையது. அவர்களுக்கு அது விளையாட்டு. எங்கள் டயர்த் துண்டின் கதையை எவரும் எழுதப்போவதில்லை என்பதனால் நான் எழுதுகிறேன்.

ஓகஸ்டில் ஒரு மாலை. தோட்ட எல்லையில் இரும்புச் சங்கிலி கட்டியிருந்தது. காவற்காரர், என் அப்பாவின் வயதொத்தவர், கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, இது தோட்டத்துப் பாதை. வெளியாளு போகக் கூடாதுன்னு ஓடர்."

"நான் வெளியாள் இல்லைங்க அண்ணே. பணிய லயத்துல பொறந்தவன்."

"அது தெரியும். ஒம் பேரு செக்ரோல்ல இருக்கா?"

இல்லை. செக்ரோல் என்னும் அந்தத் தொழிலாளர் பதிவேட்டில் அம்மாவின் பெயர் இருந்தது. பாட்டியின் பெயர் முன்பு இருந்தது. பாதையோரத்துக் கல்லணைகளை அடுக்கியவர்களுள் என் பாட்டனும் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். நானோ படித்தவன், ஆகவே பெயரற்றவன். தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் தோட்டத்தான் இல்லை; ஆனால் நகரத்தில் முகவரி கேட்டாலோ தோட்டம்தான். காவற்காரரிடம் எனக்குக் கோபமில்லை. அவரும் கட்டளைக்குக் கட்டுப்பட்டவர். அன்று இருட்டிய பின், விளக்கில்லாத வண்டியைத் தார் வீதியின் ஓரமாக உருட்டி வந்தேன்.

அப்பா எதுவும் பேசாமல் கேட்டார். மறுநாள் விடியுமுன் சட்டை மாட்டிக்கொண்டு என்னுடன் சங்கிலிவரை நடந்து வந்தார். கெஞ்சுவாரோ, சண்டையிடுவாரோ என்று அஞ்சினேன். அவர் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்க, நான் முன்பக்கத்தைத் தூக்க, சங்கிலிக்கு மேலால் வண்டி அந்தப் பக்கம் போயிற்று. காவற்காரர் வெற்றிலை மடிப்பதில் ஆழ்ந்திருந்தார். பிறகு சங்கிலி இருந்த நாளெல்லாம் அவருக்கு அந்நேரத்தில் வெற்றிலை மடிக்கும் வேலை இருந்தது.

அம்மாவின் அச்சம் சங்கிலி அன்று; மண். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் காலை வேளையில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. அது எங்களுக்கு அயலூர். அதன் பின் மழை இரவுகளில் அவர் உறங்குவது அரிது. நான் திரும்பும்வரை லயத்து வாசலில் நின்று அந்த பிரேக் கிறீச்சொலிக்குக் காத்திருப்பார்; அது கேட்டதும் உள்ளே போய் அடுப்பை மூட்டுவார். ஆதலால், கட்டை நல்லதாகக் கிடைத்த பின்பும், ஒரு பக்கத்துக்கு டயர்த் துண்டையே வைத்திருந்தேன்.

ஓகஸ்ட் இறுதியில் பெறுபேறு வந்தது. அடுத்த ஆண்டு நான் பல்கலைக்கழகம் வந்தேன்; வண்டி தங்கைக்குப் போயிற்று. அவளும் அப்புத்தளையில்தான் வேலை செய்கிறாள். பெண்பிள்ளை வண்டியில் போகிறாளே என்று முதலில் முணுமுணுத்தவர்கள் இப்பொழுது அவளிடம் மருந்தும் மீள்நிரப்பு அட்டையும் வாங்கி வரச் சொல்கிறார்களாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையோடு பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் இடிந்தபொழுது, எங்கள் பாதையிலும் ஓரிடம் கானோடு சேர்ந்து கீழே போய்விட்டது. லயத்தார் உயிர் தப்பினர். எங்கள் இளைஞர்கள் மண்வெட்டியோடு போய் ஒருவர் நடக்கத்தக்க அகலத்துக்கு வழி வெட்டியிருக்கிறார்கள். அவ்விடத்தில் வண்டியைத் தோளில் சுமந்துதான் கடக்க வேண்டும் என்று தொலைபேசியில் அப்பா சொன்னார். சங்கிலி என்னவாயிற்று என்று கேட்டேன். கம்பம் சாய்ந்து கிடக்கிறது, இன்னும் யாரும் நிமிர்த்தவில்லை என்றார்.